சந்திரிகாவின் மூக்கும் வெள்ளிக்கிழமைத் தட்டுகளும்

சந்திரிகா சிவப்புப் பொத்தானை அழுத்தி மெஷினை நிறுத்தியபோது மணி ஒன்றே முக்கால். "கருகுது" என்றாள். சுற்றி நின்ற ஆறு பேரும் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள். ஆறு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

மெஷின் ஓட்டுகிற அர்கம் மட்டும் மரியாதைக்காக இன்னொரு தரம் உறிஞ்சிவிட்டு, "அக்கா சொன்னா சரியாத்தான் ஈக்கும்" என்றான். அவன் சற்று முன்தான் ஜும்ஆத் தொழுகை முடித்துப் பள்ளியிலிருந்து வந்திருந்தான். சட்டையில் பூசியிருந்த அத்தர், அவன் மூக்கை வேறெதற்கும் விடுவதாக இல்லை.

மாடியிலிருந்து இஞ்சினியர் நிரஞ்சன் இறங்கி வந்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பல்லேகலைக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. கண்டிக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் வருடம் முழுக்க மூக்கடைப்போடு திரிபவன். வாசத்துக்குத் தீர்ப்புச் சொல்ல அவனைவிடப் பொருத்தமில்லாத ஆளைக் கண்டி முழுக்கத் தேடினாலும் பிடிக்க முடியாது. ஆனால் தீர்ப்புச் சொல்லும் சம்பளத்தை அவன்தான் வாங்குகிறான்.

"அக்கா, இது தேங்காய்த் தும்பு வாசம். கருகல் இல்லை. மீற்றரைப் பாருங்கோ, நூற்றித் தொண்ணூறுதான் காட்டுது. தும்பு இருநூற்றி முப்பது பாகை வரைக்கும் தாங்கும் எண்டு ரிப்போர்ட்டில வடிவா எழுதியிருக்கு."

"எனக்கு வருதுங்க சேர்."

"போன வெள்ளியும் இதைத்தானே சொன்னனீங்கள்? அதுக்கு முதல் வெள்ளியும்?" நிரஞ்சன் குரலைத் தாழ்த்தினான். "இன்னொருக்காக் காரணமில்லாமல் மெஷினை நிப்பாட்டினா உங்களைத் திரும்ப வெட்டு மேசையில இருத்தச் சொல்லி முதலாளி சொல்லிப்போட்டார். நான் என்ன செய்யிறது?"

அர்கம் மெஷினை மறுபடி முடுக்கினான். பத்து நிமிடத்தில் அவளுக்கும் அந்த நெடி இல்லாமல் போய்விட்டது. அதுதான் அவளை இன்னும் குழப்பியது.

வெட்டு மேசை என்பது மெஷினிலிருந்து வரும் தட்டுகளின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளைப் பிளேடால் சீவுகிற இடம். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அம்பிட்டியவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சந்திரிகா முதன்முதலில் உட்கார்ந்த கதிரை அங்கேதான் இருக்கிறது. அப்போது இந்தத் தொழிற்சாலை வாளியும் கோப்பையும் செய்துகொண்டிருந்தது. நாலாம் மாதத்தில் ஒரு நாள் வாளி வெட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து நின்று, "எங்கேயோ வயர் பத்துது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சுவருக்குப் பின்னால் பெரிய சுவிட்ச் பெட்டிக்குள் வயர் உருகிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் எழுந்து நின்றிருக்காவிட்டால் இன்றைக்கு இந்தக் கதைக்குத் தொழிற்சாலையே இருந்திருக்காது.

அதற்குப் பிறகு அவள் செக்கர் ஆனாள். வரும் சாமான்களைப் பார்ப்பது, தடவுவது, தட்டிக் கேட்பது, எல்லாவற்றுக்கும் மேலாக மோந்து பார்ப்பது. பிளாஸ்டிக் மணிகள் இரும்புக் குழலுக்குள் உருகி அச்சுக்குள் பாய்கிறபோது, சூடு நாலு பாகை கூடினாலும் வாசலில் நின்றே சொல்வாள். மீற்றர் பழுதான நாட்களில் அவளை மெஷின் பக்கத்தில் நிற்கவைத்துத்தான் வேலை நடந்தது. "மூக்கம்மா" என்று பெயர் வைத்தார்கள். அவளும் அதை ஒரு பட்டம்போலச் சுமந்தாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவளுக்கு வேறு யார் பட்டம் கொடுக்கப்போகிறார்கள்?

அந்த மூக்குதான் கொரோனாவில் போனது.

காய்ச்சல் ஐந்து நாளில் விட்டது. வாசம் ஐந்து மாதம் வரவில்லை. வந்தபோது எல்லாம் இடம் மாறி வந்தது. கோப்பி கொதித்தால் ரப்பர் கருகுகிற நெடி. வெங்காயம் வதக்கினால் மண்ணெண்ணெய். கறிவேப்பிலைக்கு வாசமே இல்லை. ஒவ்வொன்றாகச் சரியாகும் என்று டாக்டர் சொன்னார். சில சரியாயின, சில ஆகவில்லை. எது ஆனது எது ஆகவில்லை என்பது அவளுக்கே நிச்சயமாகத் தெரியாது. பால் கெட்டுவிட்டதா என்று பார்க்க மகள் கிருஷாந்தியைக் கூப்பிட வேண்டும். "அம்மாவுக்குத் தடிமன்" என்று மகளும் மூன்று வருடமாக ஊரை ஏமாற்றி வந்தாள்.

தொழிற்சாலையில் சந்திரிகா இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. பிளாஸ்டிக் சூடேறும் வாசம் மட்டும் ஏதோ புண்ணியத்துக்குப் பழையபடி வந்தது, அல்லது பழையபடி என்று அவள் நம்பினாள். தவறு எதுவும் நடக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் வாசிக்கத் தெரிந்தவள் மாதிரி நடிக்கிற ஆளைப்போல அவள் காலம் ஓடியது.

பிறகுதான் தும்புத் தட்டு வந்தது. தேங்காய்த் தும்பைக் கழுவிக் காயவைத்துப் பொடியாக நறுக்கிப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுச் செய்வது. பிளாஸ்டிக் குறையும், தட்டு விறைப்பாக இருக்கும், பார்க்க மரம் மாதிரி இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஹோட்டல் ஒன்று தேநீர் பரிமாற அதை விரும்பிக் கேட்டது. நிரஞ்சன் தும்பை ஒரு ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, எத்தனை பாகைச் சூட்டில் கருக ஆரம்பிக்கும் என்று சோதித்து ரிப்போர்ட் வாங்கிவந்தான். அதில் ஒரு கோடு நேராகப் போய் இருநூற்றி முப்பதில் மலையிலிருந்து விழுகிற மாதிரி விழுந்தது. அதைச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான்.

நல்ல கோடு. ஆனால் ஹோட்டலிலிருந்து கிழமைக்கு ஏழெட்டுத் தட்டு விரிசல் விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது. மற்றதெல்லாம் கல் மாதிரி இருந்தன. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. தட்டுக்குக் கடும் கபில நிறம் சேர்த்திருந்ததால் நல்லதும் கெட்டதும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருந்தன. நிரஞ்சன் கலவையைக் குறை சொன்னான், அச்சைக் குறை சொன்னான், ஒரு தடவை ஹோட்டலின் பாத்திரம் கழுவுகிறவர்களைக்கூடக் குறை சொன்னான்.

சந்திரிகாவுக்கு மூன்று வெள்ளிக்கிழமை கருகல் வந்தது. திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை, புதன் வியாழன் சனி எதுவும் இல்லை. வெள்ளி மட்டும். அதுவும் மத்தியானம் மட்டும். அதுவும் பத்து நிமிடம் மட்டும்.

இப்படிக் கிழமை பார்த்து வருகிற வாசத்தை மூக்கின் வேலை என்று யார் நம்புவார்கள்? அவளே நம்பவில்லை. வெள்ளிக்கிழமை அவளுக்கு விரதம். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் மட்டும். வெறும் வயிறு மூக்கைக் கிறுக்காக்குகிறதோ என்று நினைத்து, இரண்டாம் வெள்ளிக்கிழமை கேன்டீனில் இரண்டு ரொட்டியைப் பருப்போடு சாப்பிட்டாள். முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விழுங்கினாள். கருகல் அப்படியே வந்தது. முருகனையும் கோபப்படுத்தியதுதான் மிச்சம்.

காலையில் மெஷினுக்குப் போடுகிற சாம்பிராணியாக இருக்குமோ என்று அதே வெள்ளி சாம்பிராணியும் போடாமல் விட்டிருந்தாள். அப்படியும் வந்தது. கடைசியாகத்தான் அர்கமிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"தம்பி, தப்பா நெனைக்காதீங்க. அந்த அத்தர் கொஞ்சம் பூசாம வர ஏலுமா?"

அர்கம் விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, மூணு வருஷமா ஒரே அத்தர்தான் பூசுற. இப்பதானா கருகுது? சரி, உங்களுக்காக ஒரு ஜும்ஆ பூசாமப் போறன். எங்கட வீட்டுல கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

அவன் சொன்னபடி அத்தர் இல்லாமல் போகத்தான் பார்த்தான். அந்த வெள்ளிதான் அவள் மூன்றாம் தடவை பொத்தானை அழுத்திய வெள்ளி. அத்தரில்லாமல் பழக்கமில்லாத அவன் மனைவி அவன் வீட்டுக்கு வந்து பள்ளிக்குக் கிளம்புகிற நேரத்தில் சட்டையில் தானே பூசி அனுப்பிவிட்டாளாம். அந்த வீட்டில் எதைச் சோதித்தாலும் முடிவு வராது.

ஞாயிற்றுக்கிழமை கிருஷாந்தி ஒரு யோசனை சொன்னாள். அவள் கண்டி டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறவள். மருந்துப் புட்டிகளோடு பழகிப் பழகி, எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்ப மாட்டாள். ஐந்து கோப்பைகளை எடுத்துத் துணியால் மூடி மேசையில் வைத்து, அம்மாவின் கண்ணைக் கட்டினாள்.

"ஒவ்வொண்ணா மோந்து சொல்லுங்கம்மா. பயப்படாதீங்க, பரீட்சை இல்ல."

முதல் கோப்பை சவர்க்காரம். சரியாகச் சொன்னாள். இரண்டாவது மண்ணெண்ணெய். அதுவும் சரி. மூன்றாவதில் ஒன்றுமில்லை என்றாள், அது கறிவேப்பிலை. நாலாவதை மோந்ததும் முகத்தைச் சுளித்து, "கருகல்" என்றாள். ஐந்தாவதையும் "கருகல்" என்றாள்.

கிருஷாந்தி கட்டை அவிழ்த்தாள். ஐந்தாவது கோப்பையில் தும்புத்தடியின் நுனியைக் கொளுத்தி அணைத்து வைத்திருந்தாள். நாலாவதில் இருந்தது கோப்பித்தூள்.

இரண்டு தரம் கருகல் என்றிருக்கிறாள். ஒன்று நிஜம், ஒன்று பொய். இரண்டும் அவளுக்கு ஒரே மாதிரித்தான் இருந்தன. சந்திரிகா கோப்பித்தூளையும் எரிந்த தும்பையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வருடம் சோறு போட்ட மூக்கு, இன்றைக்குப் பக்கத்துவீட்டுக்காரி மாதிரி பாதி உண்மையும் பாதிக் கதையுமாகப் பேசுகிறது. எந்தப் பாதியை எடுப்பது? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மகள் முன்னால் அழக்கூடாது என்று எழுந்து போய்ப் பானையைக் கழுவினாள்.

புதன்கிழமை அவள் நிரஞ்சனிடம் போனாள்.

"சேர், ஒரு தடவ என் கண் முன்னால அந்தத் தும்ப சூடாக்கிக் காட்டுங்க. கருகாட்டி நானே வெட்டு மேசைக்குப் போயிர்றேன். நீங்க சொல்லவே வேணாம்."

நிரஞ்சன் இரக்கமுள்ளவன். மாடியில் தும்பு காயவைக்கிற சின்ன அடுப்பு ஒன்று இருந்தது. தகரப் பேணி ஒன்றில் ஒரு கைப்பிடித் தும்பை நிறுத்துப் போட்டு, நூற்றித் தொண்ணூறில் வைத்தான். பத்து நிமிடம் கழித்து எடுத்து மறுபடி நிறுத்தான். எடை குறைந்திருந்தது.

சந்திரிகாவின் முகம் மலர்ந்தது. "எளைச்சிருச்சே சேர்!"

"அது ஈரம் அக்கா. தும்புக்குள்ள தண்ணி இருக்கும், முதல்ல அது போகும். இப்ப பாருங்கோ." அதே தும்பை இன்னும் பத்து நிமிடம் வைத்து எடுத்தான். தராசு இந்தத் தடவை அசையவில்லை. நிறம் மாறவில்லை. சந்திரிகா பேணிக்குள் முகத்தை விட்டு மோந்தாள். காய்ந்த கயிற்றின் வாசம்தான் வந்தது. கருகல் இல்லை.

"பாத்தியளோ?" என்றான் நிரஞ்சன். அவன் அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை. "மெஷினுக்குள்ள தும்பு நிக்கிறது ஏழெட்டு நிமிசம்தான். சாயந்தரம் மூடேக்க வெறும் பிளாஸ்டிக்கை ஓட்டித் தும்பு எல்லாத்தையும் வெளியில தள்ளிப்போட்டுத்தான் போறம். கருகிறதுக்கு நேரமே இல்லை அக்கா."

அந்த நேரம் ஹோட்டலிலிருந்து டெலிபோன் வந்தது. இன்னும் ஆறு தட்டு விரிசலாம். நிரஞ்சன் பேணியை அடுப்புக்குள் தள்ளிக் கதவை அறைந்துவிட்டு, "ஹலோ, ஹலோ" என்றபடி கீழே ஓடினான். சந்திரிகா மெதுவாகப் படியிறங்கினாள். வெட்டு மேசையில் தன் பழைய கதிரை இன்னும் கால் ஆடுகிறதா என்று போய்ப் பார்த்தாள். ஆடியது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, பேணியைக் கழுவி வைக்கலாமே என்று மறுபடி மாடிக்குப் போனாள். அடுப்பின் கதவைத் திறந்தாள்.

அதே நெடி. தொண்டையை அறுக்கிற, கண்ணைக் கரிக்கிற, வெள்ளிக்கிழமை நெடி.

அடுப்பை அணைக்க நிரஞ்சன் மறந்துவிட்டான். மீற்றர் அதே நூற்றித் தொண்ணூறில்தான் நின்றது, ஒரு பாகைகூட ஏறவில்லை. ஆனால் பேணிக்குள் இருந்த தும்பு கடும் கபிலமாகக் கறுத்திருந்தது. ஒரு துண்டை எடுத்து விரலால் நசுக்கினாள். பொடிந்து தூளாகக் கொட்டியது. கயிறு திரிக்கிற தும்பு, இரண்டு கையால் இழுத்தாலும் அறாத தும்பு, முறுக்கு மாதிரி நொறுங்கியது.

நிரஞ்சனைக் கூப்பிட்டாள். அவன் நிறுத்துப் பார்த்தான். நன்றாகவே குறைந்திருந்தது. இந்தத் தடவை ஈரம் என்று சொல்ல வழியில்லை. ரிப்போர்ட்டை எடுத்துவந்து அந்தக் கோட்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தான்.

"ஓம்..." என்று இழுத்தான். "ஆய்வுகூடத்தில நிமிசத்துக்குப் பத்துப் பாகை வீதம் சூட்டை ஏத்திக்கொண்டே போவினம். நூற்றித் தொண்ணூறில நிக்க விடுறதில்லை, ஒரு நிமிசத்தில தாண்டிப்போயிடும். காத்தும் இல்லாமல்தான் செய்வினம். இது ஒரு மணித்தியாலத்துக்கு மேல நிண்டிருக்கு. எத்தனை பாகை எண்டு மட்டும்தான் நான் பாத்தன். எவ்வளவு நேரம் எண்டு பாக்கேல்ல." பிறகு தலையை ஆட்டினான். "ஆனா எங்கட மெஷினில ஒரு மணித்தியாலம் எங்க நிக்குது? நிக்கிறதே இல்லையே."

சந்திரிகாவும் நிற்பதில்லை என்றுதான் நினைத்தாள். மற்ற நாட்களில் சாப்பாட்டு நேரத்தில் அர்கமும் மற்ற மெஷின்காரன் அரூஸும் மாறி மாறி ஓட்டுவார்கள். மெஷின் ஓடிக்கொண்டேயிருக்கும். வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் ஜும்ஆவுக்குப் போவார்கள். ஒன்றேகால் மணித்தியாலம் மெஷின் சும்மா நிற்கும். ஆனால் அர்கம் போகும்போது ஹீட்டரைத் தாழ்த்திவிட்டுத்தானே போவான்? அதை அவளே நூறு தரம் பார்த்திருக்கிறாள்.

சாயந்தரம் குண்டசாலையிலிருந்து வந்த பஸ் நிறைந்திருந்தது. மைதானத்தில் கிரிக்கெட் என்பதால் ரோட்டில் வாகனம் நகரவில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த சந்திரிகாவின் பார்வை தன் வலது கையில் விழுந்தது. அந்தக் கை வெள்ளிக்கிழமைகளில் என்ன செய்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

அர்கம் ஹீட்டரைத் தாழ்த்திவிட்டுப் போவான். அவன் மோட்டார் சைக்கிள் வாசலைத் தாண்டியதும், சந்திரிகா எழுந்து போய் அதைத் திரும்ப ஏற்றிவிடுவாள்.

வாளி செய்கிற காலத்திலிருந்து செய்கிறாள். தாழ்த்தினால் மறுபடி சூடேற அரை மணித்தியாலம் ஆகும். பள்ளியிலிருந்து வேர்க்க விறுவிறுக்க வருகிறவன் அதுவரை காத்திருந்தால், தாமதம் அவன் தலையில் விழும். பழைய மெனேஜர் ஒருவன் அதற்காக அவனை எல்லோர் முன்னாலும் திட்டியதை அவள் பார்த்தாள். அடுத்த வெள்ளியிலிருந்து அவன் வரும்போது மெஷின் தயாராக இருந்தது. இதை அவள் அவனிடம் சொன்னதுமில்லை. சொல்லிக் காட்டுகிற உதவி என்ன உதவி என்று இருந்துவிட்டாள். மெஷின் சீக்கிரம் சூடேறுகிறது, நல்ல மெஷின் என்று அவனும் மெஷினைப் புகழ்ந்துகொண்டிருந்தான். வெறும் பிளாஸ்டிக்குக்கு அது ஒரு கெடுதலும் செய்யவில்லை. பிளாஸ்டிக் போய்த் தும்பு வந்தது, கை மட்டும் பழையபடியே எழுந்து போனது. கைக்கு யார் சொல்வது?

அடுத்த பஸ் எடுக்க வேண்டிய இடத்தில் இறங்காமல் இரண்டு தரிப்புத் தாண்டிப் போய்விட்டாள். அங்கிருந்து நடந்தாள். நடக்க நடக்க மனம் இரண்டு பக்கமும் இழுத்தது. மூக்கு சொன்னது சரியா? அப்படியென்றால் கருக்கியது நான். நான் கருக்கவில்லையா? அப்படியென்றால் மூக்கு போய்விட்டது. இரண்டில் எது நடந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. பன்னிரண்டேகாலுக்கு அர்கம் ஹீட்டரைத் தாழ்த்தினான். "பாத்துக்கொள்ளுங்க அக்கா" என்றான். மோட்டார் சைக்கிள் வாசலைத் தாண்டியது. சந்திரிகாவின் கை தானாக எழுந்தது. அவள் அதை இழுத்துப் பிடித்து, கதிரையில் உட்கார்ந்து, தொடைக்குக் கீழே வைத்து அமுக்கிக்கொண்டாள்.

இப்படியே உட்கார்ந்திருந்தால் போதும். இன்றைக்குக் கருகாது. இனி எந்த வெள்ளியும் கருகாது. ஹோட்டலிலிருந்து தட்டுத் திரும்பாது. யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. மூக்கம்மாவுக்கு மூன்று வெள்ளி ஏதோ கோளாறு, பிறகு சரியாகிவிட்டது என்று பேசி மறந்துபோவார்கள். வெட்டு மேசைக்குக்கூடப் போக வேண்டியதில்லை.

ஆனால் அவளுக்குத் தெரியாமலே போய்விடும். அந்த நெடி நிஜமா, கோப்பி மாதிரிப் பொய்யா என்பது சாகும்வரை தெரியாது. மூன்று வருடமாக ஒவ்வொரு மூச்சிலும் சந்தேகப்பட்டுக் களைத்துவிட்டாள். அவளுக்கு அது ஒன்று தெரிந்தாக வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள வாயைத் திறந்தாக வேண்டும்.

மாடியில் நிரஞ்சன் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"சேர், நான்தான். ஜும்ஆ நேரத்துல ஹீட்டர ஏத்தி விடுறது நான்தான். அர்கம் தம்பிக்குத் தெரியாது. அவரு தாழ்த்திட்டுத்தான் போவாரு." நிறுத்த முடியாமல் மற்றதையும் கொட்டினாள். "இன்னொண்ணும் இருக்கு. கொரோனாவுக்குப் பொறகு என் மூக்கு சரியில்ல. கோப்பி எனக்குக் கருகல் நாத்தம்தான் நாறுது. மூணு வருஷமா சொல்லாம வேல செய்றேன்."

நிரஞ்சன் கையில் எடுத்த பிடியைத் திரும்பப் பார்சலில் வைத்தான். கோபம் வந்தது என்று முகம் சொன்னது. பிறகு மணிக்கூட்டைப் பார்த்தான்.

"இண்டைக்கும் ஏத்துங்கோ" என்றான்.

"சேர்?"

"வழக்கமா எப்பிடி ஏத்துவியளோ அப்பிடி ஏத்துங்கோ. பாப்பம்."

ஒன்றரைக்கு அர்கமும் அரூஸும் வந்தார்கள். நிரஞ்சன் சொன்னபடி அர்கம் முதல் பன்னிரண்டு தட்டுகளை ஓட்டி எடுத்தான். நிரஞ்சன் ஒவ்வொன்றின் அடியிலும் சோக்கட்டியால் வரிசை எண் எழுதி, ஆறவிட்டு, சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்தான். புதன்கிழமை செய்த நல்ல தட்டு மூன்றையும் நடுவில் சொருகினான். பிறகு சந்திரிகாவின் துப்பட்டாவை வாங்கி அவள் கண்ணைக் கட்டினான். தொழிற்சாலை முழுக்கக் கூடிவிட்டது.

முதல் தட்டு மூக்குக்குக் கீழே வந்தது.

"கருகல்."

அடுத்தது. "இல்ல." அடுத்தது. "இல்ல." அடுத்தது. "கருகல்." அவள் சொல்லச் சொல்ல நிரஞ்சன் தட்டுகளை இரண்டு பக்கமாக அடுக்கினான். பதினொன்றாவதாக வந்ததில் அவள் தடுமாறினாள். திருப்பித் திருப்பி மோந்தாள். "இது தெரியல சேர். கருகுன மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு." அதை நிரஞ்சன் தனியாக வைத்தான்.

கட்டை அவிழ்த்தபோது ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் ஏழு, நடுவில் ஒன்று. நிரஞ்சன் கருகல் என்ற பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்து மேசை விளிம்பில் வைத்து அமுக்கினான். பிஸ்கட் மாதிரி உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. ஏழும் உடைந்தன. மறுபக்கத்து ஏழும் வளைந்து கொடுத்து நிமிர்ந்தன. தெரியல என்ற தட்டு பாதி வரை விரிசல் விட்டு நின்றது.

நிரஞ்சன் உடைந்த துண்டுகளைத் திருப்பி எண்களைப் பார்த்தான். ஒன்றிலிருந்து ஏழு வரை. பாதி விரிசல் விட்டது எட்டு.

யாரும் சிரிக்கவில்லை. அரூஸ் மட்டும், "அல்லாவே" என்றான்.

"அக்கா, நீங்கள் மூண்டு வெள்ளியும் சொன்னது சரி" என்றான் நிரஞ்சன். மூக்கை உறிஞ்சிக்கொண்டான். அது அவன் வழக்கமான தடிமனாகவும் இருக்கலாம். "மூண்டு வெள்ளியும் கருக்கினதும் நீங்கள்தான். முதலாளியிட்ட ரெண்டையும் சொல்லுவன்."

"சொல்லுங்க சேர்" என்றாள் சந்திரிகா. அவள் அழுதுகொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாக இருந்தது, இரண்டையும் பிரித்தெடுக்க அவளால் முடியவில்லை.

அர்கம் உடைந்த தட்டையும் ஹீட்டரின் திருகையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கிட்ட வந்து மெல்லக் கேட்டான். "நான் மெஷினத்தான் நல்ல மெஷின்னு சொல்லிக்கொண்டு ஈந்தன். அது நீங்களா அக்கா?"

முதலாளி இரண்டையும் கேட்டார். மறைத்ததற்காக ஒரு மாதம் வெட்டு மேசை என்றார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கிளம்புமுன் வெறும் பிளாஸ்டிக்கை ஓட்டித் தும்பைத் தள்ளிவிட வேண்டும் என்று மெஷினில் ஒரு கடுதாசி ஒட்டச் சொன்னார். சந்திரிகாவே அதைத் தன் கையால் எழுதினாள். முதல் வெள்ளி மத்தியானம், அவள் கால் ஆடுகிற கதிரையில் உட்கார்ந்து பிசிறு சீவிக்கொண்டிருந்தபோது, நிரஞ்சன் முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு வெட்டு மேசைக்கு வந்தான். அவள் முன்னால் நீட்டினான். அவள் பிளேடைக் கீழே வைத்துவிட்டு மோந்தாள்.

"ஓடட்டும் சேர்" என்றாள்.

அன்று மாலை விரதம் முடித்தவளுக்குக் கிருஷாந்தி கோப்பி ஊற்றிக் கொடுத்தாள். ரப்பர் கருகுகிற நெடி குப்பென்று அடித்தது. சந்திரிகா கோப்பையைக் கிட்டக் கொண்டுபோய் இன்னொரு தரம் நிதானமாக மோந்தாள்.

"இது பொய்" என்று சொல்லிவிட்டுக் குடித்தாள்.